1949 பேட்டில்டிரெஸ்ஸை 1944-க்குக் கொண்டுபோவது எப்படி

இரண்டாம் உலகப் போர் காலத்து பிரிட்டிஷ் சிப்பாயாக ரீஎனாக்ட்மென்ட்டில், அதாவது பழைய போர்க் காட்சிகளை உடுப்போடு நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில், நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் தடை துணிதான். பேட்டில்டிரெஸ் என்கிற கம்பளிப் போர்ச் சீருடை, போர்க்காலத்து அசல், இன்னும் கிடைக்கத்தான் செய்கிறது, ஆனால் கிடைப்பதில் பாதி ஒல்லிப் பையன்களின் சைஸ், விலையும் எகிறிவிட்டது, போதாக்குறைக்கு எண்பது வருஷத்துத் துணியை மாட்டிக்கொண்டு சேற்றில் புரள்வதும் நியாயமில்லை. புதிதாகத் தைத்து விற்கும் நகல்களில் நல்லவை உண்டு. மலிவானவை தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும், துணி மெலிசாக இருக்கும், தோளில் நிற்காது. மூன்றாவது வழி, போருக்குப் பிறகு தைத்து, ராணுவம் மிச்சமென்று விற்றுவிட்ட சர்ப்ளஸ் உடுப்பை வாங்கிப் பிரித்து, போர்க்கால வடிவத்துக்கு மாற்றுவது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

இது சாத்தியமாவதற்குக் காரணம், உடுப்பின் அடிப்படை வெட்டு அதிகம் மாறவில்லை. இடுப்போடு நின்றுவிடும் குட்டை மேல்சட்டை, வயிற்றுக்கு மேல் ஏறும் பேன்ட், முரட்டுக் கம்பளி செர்ஜ் துணி. 1930-களின் கடைசியில் வந்தது, 1960-கள் வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓடியது. நோர்வே, டென்மார்க், நெதர்லாந்து, பெல்ஜியம், கிரேக்கம் என்று பல நாடுகள் போருக்குப் பின்னும் இதே மாதிரி உடுப்பை வைத்திருந்தன. ஆகவே சரக்கு இருக்கிறது. நீங்கள் மாற்ற வேண்டியது காலர், பாக்கெட், கொஞ்சம் பட்டன். அதிலும் வேலையில் முக்கால்வாசி காலர்தான், மற்றதெல்லாம் பிரிப்பதும் இஸ்திரி போடுவதும். இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் பாதி வேலை கடையிலேயே முடிந்துவிடும்.

முதலில் வருஷத்தை முடிவு செய்யுங்கள்

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால், எந்த வருஷம், எந்த இடம், எந்தப் படைப்பிரிவு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சும்மா 'உலகப் போர் பிரிட்டிஷ்' என்று தொடங்கினால் எல்லாம் கலந்து குழம்பிவிடும்.

ராணுவம் ஒவ்வொரு வெட்டு மாதிரியையும் வருஷத்தோடு 'பேட்டர்ன்' என்று அழைத்தது. முதலில் வந்த 1937 பேட்டர்னில் முன்பக்க பட்டன்கள் ஒரு பட்டிக்குள் மறைந்திருக்கும், நெஞ்சு பாக்கெட்டுகளில் மடிப்பு இருக்கும். அப்புறம் துணியையும் உழைப்பையும் மிச்சம் பிடிக்க வந்தது 1940 பேட்டர்ன்: பட்டன்கள் வெளியே தெரியும், பாக்கெட்டில் மடிப்பு கிடையாது. பெயரில் 1940 இருந்தாலும் அது புழக்கத்துக்கு வந்தது 1942-இல். எனவே 1940-இல் பிரான்சின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து தப்பி வரும் சிப்பாயாக நிற்க வேண்டுமென்றால் வெளியே தெரியும் பட்டன் தப்பு. 1944 ஜூனில் நார்மண்டி தரையிறக்கம் என்றால் இரண்டுமே சரி, பழைய ஸ்டாக் தீரும்வரை அதையும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஒரே வரிசையில் இரண்டு மாதிரியும் நின்றன.

போருக்குப் பின் வந்த 1949 பேட்டர்னில் கழுத்து திறந்து, கோட்டு மாதிரி நெஞ்சில் மடிந்து விழும் லேப்பல் வைத்து, உள்ளே சட்டையும் டையும் தெரிய வேண்டும் என்று மாற்றினார்கள். போரின்போது சாதாரண சிப்பாய்க்குக் கழுத்து வரை மூடிய காலர், அதைப் பூட்ட ஹூக்கு. டை கட்டித் திறந்த கழுத்தோடு போனவர்கள் அதிகாரிகள். அவர்கள் டெய்லரிடம் கொடுத்து லேப்பல் வைத்துக்கொண்டார்கள். இதனால் 1949 மேல்சட்டை ஒன்றை அதிகம் பிரிக்காமலே அதிகாரி உடுப்பாக்கிவிடலாம், தோளில் ஸ்டார் வைத்தால் போதும் என்று தோன்றும். தோன்றத்தான் செய்கிறது, அதனால்தான் பல குழுக்களில் ஆளுக்கு ஆள் லெப்டினன்ட். முப்பது பேருக்கு மேல் உள்ள ஒரு பிளாட்டூனுக்கு ஒரே ஒரு லெப்டினன்ட்தான் இருந்தார். உங்கள் குழுவில் அந்த இடம் காலியா என்று கேட்டுவிட்டு அப்புறம் சோம்பேறித்தனம் பண்ணுங்கள்.

தமிழர்கள் ஏன் யார்க்‌ஷயர்காரராகவே நிற்க வேண்டும் என்பது என் தனிக் கேள்வி. இத்தாலியில் 1943-லிருந்து 1945 வரை இந்திய டிவிஷன்கள் சண்டை போட்டன, குளிர்காலத்தில் அவர்கள் உடம்பிலும் இதே கம்பளி பேட்டில்டிரெஸ்தான். சிவப்புக் கழுகுச் சின்னம் போட்ட 4-ஆம் இந்திய டிவிஷன் 1944 தொடக்கத்தில் மான்டே கசினோ போர்க்களத்தில் இருந்தது, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் கம்பெனிகள் அதோடு இருந்தன. சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார், அதற்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீரப் பதக்கம் கொடுத்தார்கள். அவர் அந்த மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர்தான். இந்த வழியில் போக நினைத்தால் உடுப்பு வேலை கீழே சொல்வதேதான், தோள்பட்டைச் சின்னங்கள் மட்டும் வேறு. அதற்கு அந்தப் பிரிவின் அந்தக் காலத்துப் புகைப்படத்தைப் பார்க்காமல் எதையும் தைக்காதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் தைத்திருக்கும் துணி லேபிளில் சைஸ், உயரம், மார்பு, இடுப்பு, தைத்த கம்பெனி, வருஷம் எல்லாம் இருக்கும். பிரிட்டிஷ் அரசு அம்புக்குறி முத்திரையும் இருக்கும். கனடா என்றால் அந்த அம்பு ஒரு 'சி' எழுத்துக்குள் நிற்கும். 8405-99 என்று தொடங்கும் நீள எண் இருந்தால் அது போருக்குப் பிந்தைய நேட்டோ சரக்கு எண், தாராளமாக வெட்டலாம். வருஷம் 1945-க்குள் இருந்தால் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள், அது எவ்வளவு கிழிந்திருந்தாலும் சரி. தேவைப்படுகிற ஒருவருக்கு விற்றுவிட்டு அந்தக் காசில் இரண்டு 1950-கள் உடுப்பு வாங்கலாம்.

அடுத்தது நிறம். சாயம் போட்டுச் சரிபண்ணிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கம்பளிக்குச் சாயம் ஏற வெந்நீர் வேண்டும், வெந்நீரில் முரட்டுக் கம்பளியைக் கிளறினால் அது சுருங்கிக் கெட்டித்துப்போகும். தப்பித்தவறிச் சுருங்காமல் வந்தாலும், கம்பளிச் சாயம் பருத்தி நூலில் பிடிக்காது. முழு உடுப்பும் பழுப்பாக, தையல் மட்டும் வெளிறிப்போய் புள்ளி புள்ளியாகத் தெரியும். சரியான நிறத்தை வாங்குவதுதான் ஒரே வழி. பிரிட்டிஷ் செர்ஜ் பழுப்பு ஓடிய காக்கி, கனடா துணியில் பச்சை தூக்கலாக இருக்கும். மற்ற ஐரோப்பிய நாட்டுச் சரக்கில் நிறம் பலவிதம், அதனால் வெயிலில் வைத்து எடுத்த படம் கேளுங்கள், குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் காக்கியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முன்பக்கம் பட்டன் மறைந்திருக்கிறதா, தெரிகிறதா, பாக்கெட்டில் மடிப்பு உண்டா இல்லையா என்று பாருங்கள். மறைந்த பட்டனும் மடிப்பும் இருந்தால் 1937 பக்கம் போங்கள், இரண்டும் இல்லையென்றால் 1940 பக்கம். ஒன்றை இன்னொன்றாக மாற்றலாம்தான், ஆனால் அவ்வளவு உழைப்புக்கு வேறு உடுப்பு தேடுவது லாபம்.

சைஸ் விஷயத்தில் உங்கள் ஜீன்ஸ் இடுப்பளவை மறந்துவிடுங்கள். இந்த பேன்ட் தொப்புள் உயரத்தில் நிற்க வேண்டியது, அங்கே இன்ச் டேப் வைத்து அளங்கள். தொந்தி இருந்தால் உண்மையை ஒப்புக்கொண்டு அளங்கள். மேல்சட்டை மார்பளவில் ஒரு சைஸ் பெரிதாக இருக்கலாம், உள்ளே கம்பளிச் சட்டை, ஸ்வெட்டர் வரும். உயரம் மட்டும் குறையக் கூடாது, ஏனென்றால் மேல்சட்டை குட்டையானால் கையைத் தூக்கும்போது இடுப்பில் சட்டை பிதுங்கும்.

முடிந்தால் அதே நிறத்தில், அதே நாட்டின், யாருக்கும் பொருந்தாத பெரிய சைஸ் பேன்ட் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். இது போடுவதற்கு அல்ல, துணிக்கு. காலருக்கு, ஒட்டுக்கு, பட்டிக்கு எல்லாம் இதன் காலிலிருந்துதான் வெட்டப்போகிறீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் வைக்காதீர்கள். பழைய கம்பளி என்றால் அந்துப்பூச்சி முட்டை இருக்கலாம். நன்றாகத் தூசி தட்டி, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் போடுங்கள். பாச்சை உருண்டை நாற்றம் போக வெளியே நிழலில் காற்றாடத் தொங்கவிட்டால் போதும், வாஷிங் மெஷின் பக்கமே போக வேண்டாம். அழுக்கு அதிகமென்றால் குளிர்ந்த நீரில், கம்பளிக்கான சோப்பில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் உருட்டி அழுத்தி எடுங்கள். தண்ணீர் ஊறிய பேட்டில்டிரெஸ்ஸின் கனம் சாதாரணமல்ல, ஹேங்கரில் மாட்டினால் தோள் இழுத்துக்கொண்டுவிடும், தட்டையாகப் பரப்பிக் காயவிடுங்கள்.

காலர்

பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை. மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, லேப்பல் இரண்டையும் கழுத்துவரை இழுத்து மூடி, ஊசி குத்துங்கள். துணி தொண்டைக்குழி வரை வந்தால் மாற்றலாம். வரவில்லை, கீழேயே இடைவெளி விழுகிறது என்றால் அந்த உடுப்பின் கழுத்து ரொம்பத் தாழ்வாக வெட்டப்பட்டது, அதில் மூடிய காலர் வைத்தால் சிப்பாய் பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்ட மாதிரி இருப்பார். அதை அதிகாரி உடுப்புக்கே விட்டுவிடுங்கள்.

சரி, மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிப்பதற்குத் தையல் பிரிப்பான் எடுங்கள், பிளேடு வேண்டாம். நாலைந்து தையலுக்கு ஒன்று வெட்டி, மறுபக்க நூலை இழுத்தால் ஒரே நூலாக வரும். காலர் பிரியும்போது உள்ளே மங்காத பழைய நிறம் தெரியும், தையல் ஓட்டைகள் வரிசையாக நிற்கும், ஐம்பது அறுபது வருஷத்துத் தூசி ஒரு கோடாகப் படிந்திருக்கும். அந்தக் கோட்டை பிரஷ் போட்டு எடுங்கள், இல்லையென்றால் ஆவி பட்டதும் கறையாக இறங்கும். பிரித்த காலரையும் லேப்பல் துணியையும் தூக்கிப்போடாதீர்கள், நூலுக்கு வேண்டும்.

இப்போது பேப்பர் பேட்டர்ன். உங்கள் குழுவில் யாரிடமாவது அசல் இருந்தால், அல்லது நல்ல நகல் இருந்தால், அதன் காலர்மேல் டிரேசிங் பேப்பர் வைத்து வரைந்துகொள்ளுங்கள். அசலில் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் காலர் சுருளாமல் படியக் காரணம். அந்தக் காலரை நேரே உங்கள் கழுத்துக்கு வெட்டாமல், பழைய வேட்டித் துணியில் ஒன்று தைத்துச் சட்டையில் குத்திப் பாருங்கள். கழுத்துச் சுற்றளவு சட்டைக்குச் சட்டை மாறும், அதை மட்டும் நடு முதுகில் கூட்டிக் குறைத்துக்கொண்டு, முனையின் வடிவத்தை விட்டுவிடுங்கள்.

முன் ஓரத்தில் லேப்பலுக்காக வெளியே வளைந்து நிற்கும் துணியை, மேல் பட்டனிலிருந்து கழுத்து முனைவரை நேர்கோடாகச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் மடிப்புக்கு விட்டு வெட்டுங்கள். பட்டன் பட்டி அந்த இடத்தில் முடிந்துபோயிருந்தால், அந்த ஸ்பேர் பேன்ட் துணியில் ஒட்டுப் போட்டு மேலே வரை நீட்ட வேண்டும். ஒட்டு காலருக்கு அடியில் போகிற மாதிரி வைத்தால் வெளியே தெரியாது.

காலர் மேல்துணி செர்ஜ், உள்பக்கம் டிரில் என்கிற கெட்டியான காக்கிப் பருத்தி. முதலில் வந்த உடுப்புகளில் உள்துணி கிடையாது, கழுத்தை அறுத்தெடுத்தது, அதனால்தான் அப்புறம் டிரில் வைத்தார்கள். நீங்கள் 1939-40 ஆளாக நிற்கப்போகிறீர்கள் என்றால் உள்துணி இல்லாமல் தைப்பதுதான் முறை, கழுத்து உங்களுடையது. முன்முனையில் ஹூக்கு வைக்கும்போது துணியில் மட்டும் தைக்காமல் உள்ளே ஒரு டிரில் துண்டு கொடுத்துத் தையுங்கள், இல்லையென்றால் முதல் நாளே பிடுங்கிக்கொண்டு வரும். தைத்து முடித்ததும் ஒரு துண்டைச் சுருட்டி உள்ளே வைத்து, ஈரத் துணி போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுங்கள், தேய்க்கக் கூடாது. வீடு முழுக்க நனைந்த ஆட்டு வாசனை வரும், அது நல்ல கம்பளிதான் என்பதற்கு அத்தாட்சி.

ஊர் டெய்லரிடம் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், கோட்டு தைத்துப் பழகியவராக இருந்தால். ஆனால் அவருக்குப் பழக்கம் அழகாக்குவது. காலர் முனையைக் கூராக்கிவிடுவார், முதுகுத் தொளதொளப்பை இரண்டு பக்கமும் பிடித்து உடம்போடு ஒட்டவைப்பார். படத்தைக் காட்டி, 'அண்ணே, இதேமாதிரி அசிங்கமா இருக்கணும்' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பேன்ட்டும் மற்றதும்

பேன்ட்டில் முதல் வேலை, இடது தொடையில் இருக்கும் பெரிய மேப் பாக்கெட். போர்க்காலத்தில் அது தொடைக்கு முன்பக்கம் இருந்தது, 1949-இல் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. பிரித்து முன்னால் நகர்த்துவது சுலபம், பிரித்த இடத்தில் வெளிறாத சதுரம் ஒன்று தெரியும் என்பதுதான் தொல்லை. அந்த இடத்தில் ஆவி காட்டி, கெட்டியான பிரஷ்ஷால் முடியை எழுப்பி, வெயிலில் சில நாள் போட்டால் மங்கும். முழுதாகப் போகாது, சேறு பட்டால் போகும். வலது பக்கம் இடுப்புக்குக் கீழே முன்னால் ஒரு சின்ன பாக்கெட் வேண்டும், காயக்கட்டுத் துணி வைக்க. இல்லையென்றால் ஸ்பேர் பேன்ட்டில் வெட்டித் தையுங்கள். பெல்ட் போடும் லூப்புகளை எடுத்துவிட்டு, இடுப்பில் சஸ்பெண்டருக்குப் பட்டன் வையுங்கள். பெல்ட் போட்டால் பேன்ட் கீழே இறங்கும், மேல்சட்டைக்கும் அதற்கும் நடுவில் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கும், அதற்குமேல் எவ்வளவு நுணுக்கமாகக் காலர் தைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை.

இடுப்பு பத்தவில்லையா, பின்பக்க நடுத் தையலைப் பிரித்து முக்கோணமாக ஒட்டுப் போடுங்கள், மேல்சட்டை மூடிக்கொள்ளும். கைக்குழியிலும் இதே தந்திரம் செல்லும். கண்ணில் படாத இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றலாம், முன்பக்கத்தில் மட்டும் கூடாது.

நூல் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். பாலியஸ்டர் நூல் வெயிலில் மினுங்கும், பருத்தி நூல் மினுங்காது. சந்தேகமென்றால் ஒரு துண்டைக் கொளுத்துங்கள்: பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகும், கம்பளி என்றால் முடி கருகும் வாசனை. பூச்சி அரித்த ஓட்டைகளை அடைக்கக் கடை நூல் வேண்டாம், பிரித்து வைத்த பழைய காலரிலிருந்து இழை உருவி, குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, ஆவி காட்டித் தட்டினால் ஒரு அடி தள்ளி நின்றாலே தெரியாது.

பிளாஸ்டிக் பட்டன்களை உடனே மாற்ற வேண்டும் என்றில்லை, 1940 பேட்டர்னில் பழுப்பு பிளாஸ்டிக் பட்டன் சரியே. 1937 என்றால் உலோக பட்டன். உள்ளே போடும் சட்டை, சாதாரண சிப்பாய்க்கு 1944 வரை பெரும்பாலும் காலரில்லாதது. போருக்குப் பிந்தைய காக்கி ஃபிளானல் சட்டை சர்ப்ளஸில் மலிவு. அதன் காலர் மடிப்பை மட்டும் பிரித்தெடுத்து, கழுத்துப் பட்டியை விட்டுத் தைத்துவிட்டால் முடிந்தது. பிரித்த காலரைப் பத்திரப்படுத்துங்கள், கம்பளிக்கு ஒட்டுப் போட உதவும்.

கைப்பட்டைச் சின்னங்கள் மேலிருந்து கீழ் ஒரு வரிசையில் போகும்: தோளுக்குக் கீழே படைப்பிரிவின் பெயர், அதற்குக் கீழே டிவிஷன் சின்னம், அடுத்து எந்தப் பிரிவு என்று காட்டும் நிறப்பட்டை, காலாட்படை என்றால் சிவப்பு, கடைசியில் பதவிக் கோடுகள். 1943-க்குப் பிறகு துணியில் அச்சடித்த சின்னங்கள் பரவலாக வந்தன, பளபளவென்று எம்ப்ராய்டரி போட்டவற்றைவிட அவையே 1944-க்குப் பொருத்தம், விலையும் கம்மி. கையாலேயே தையுங்கள். வீரப் பதக்கங்களை மட்டும் நடிப்புக்குக்கூட மாட்டாதீர்கள், பார்க்க வந்த கூட்டத்தில் அந்தக் குடும்பத்து ஆள் இருக்கலாம். பிரிட்டனில் 1894-ஆம் வருஷத்துச் சீருடைச் சட்டம் இன்னும் இருக்கிறது, நாடகம் மாதிரியான விஷயங்களுக்கு விலக்கு உண்டு, ஆனாலும் நிகழ்ச்சி முடிந்து ரயிலில் போகும்போது மேலே ஒரு சாதாரணக் கோட்டைப் போட்டுக்கொள்வது உங்களுக்கும் நிம்மதி. இந்தியாவில் சிப்பாய் என்று பிறர் நம்பும்படி உடுப்பு போட்டுத் திரிவது குற்றம்.

1937 பேட்டர்ன் வெப்பிங், அதாவது உடுப்பின் மேல் மாட்டும் பெல்ட்டும் பட்டைகளும் பைகளும், போருக்குப் பின்னும் பல வருஷம் புழக்கத்தில் இருந்ததால் 1950-கள் சரக்கையே போடலாம். பூட்ஸ்தான் தகராறு: அச்சில் வார்த்த ரப்பர் அடி பூட்ஸ் போருக்கு ரொம்பப் பிந்தையது, தோல் அடியில் ஆணி அடித்ததைத் தேடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் முழு உடுப்பையும் வெப்பிங்கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, குனிந்து, குப்புறப் படுத்துப் பாருங்கள். பிரிகிற தையல் வீட்டிலேயே பிரியட்டும்.

கடைசியாக ஒன்று பாக்கி. அசல் லேபிளைப் பிடுங்காதீர்கள், அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணித் துண்டு தைத்து, 'காலர், பாக்கெட் மாற்றப்பட்டது' என்று வருஷத்தோடு அழியாத மையில் எழுதிவையுங்கள். இப்படி மாற்றிய உடுப்புகள் கை மாறிக் கை மாறி, நாலாவது ஆளிடம் போர்க்கால அசல் என்று விலை பேசப்படுவது நடக்கிற விஷயம்தான்.